கமுகின் விதைக்குள்

பாக்குவெட்டியில் ஒரு கொட்டைப்பாக்கை வைத்துக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைத் தசையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பழுப்பு ரேகைகள் நெளிந்து ஓடும். சில ரேகைகள் மையம்வரை போகும். சில பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து நின்றுவிடும். எந்த இரண்டு பாக்கிலும் ஒரே கோலம் அமைவதில்லை. அன்றாடம் சீவல் போடுகிறவர்கள்கூட நின்று பார்க்காத இந்தக் கோலத்திலிருந்தே பாக்கின் தாவரவியலைத் தொடங்கலாம்.

வெள்ளைப் பகுதிக்கு முளைசூழ்தசை என்று பெயர். முளைக்கப்போகும் கருவுக்குத் தாய்மரம் கொடுத்தனுப்பும் கட்டுச்சோறு அது. பழுப்பு ரேகைகள் விதையுறையின் மடிப்புகள். காய் வளரும்போது விதையின் மேலுறை அங்கங்கே உள்நோக்கி மடிந்து தசைக்குள் புகுந்துவிடுகிறது. சீத்தாப்பழ விதையை உடைத்தாலும், ஜாதிக்காயை வெட்டினாலும் இதே அமைப்பைக் காணலாம். பாக்கின் துவர்ப்புக்குப் பெரும்பங்கு தருபவை இந்தப் பழுப்பு மடிப்புகள்.

கரு எங்கே இருக்கிறது? விதையின் அடிப்பக்கத்தில், கூம்பு வடிவத்தில், கண்ணுக்குத் தப்பிவிடும் அளவு சிறிதாக இருக்கிறது. அதைச் சுற்றி இத்தனை கெட்டியான தசை எதற்கு என்று தோன்றலாம். நெல்லும் கோதுமையும் உணவை மாவாகச் சேமிக்கின்றன. கமுகோ, செல்களின் சுவர்களையே தடிக்கவைத்து, அவற்றில் மன்னான் என்ற சர்க்கரைச் சங்கிலியாகச் சேமிக்கிறது. பல்லை உடைக்கும் கடினம் அந்தச் சுவர்களிலிருந்து வருவது. விதை முளைக்கும்போது கருவின் ஒரு பகுதி பஞ்சுபோல் உப்பித் தசைக்குள் பரவி, நொதிகளைச் சுரந்து அந்தச் சுவர்களைக் கரைத்து உறிஞ்சுகிறது. முளைத்த தேங்காயை உடைத்தால் உள்ளே கிடைக்கும் தேங்காய்ப்பூ அதே உறுப்புதான். தென்னையும் கமுகும் ஒரே பனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

1753இல் லின்னேயஸ் இந்த மரத்துக்கு அரிக்கா கேட்டச்சு என்று பெயர் சூட்டினார். காட்டில் தானாக முளைத்து வாழும் கமுகு இன்று உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. மலேசியா, பிலிப்பைன்ஸ் பகுதிதான் இதன் தாயகமாக இருக்க வேண்டும் என்பது தாவரவியலாளர்களின் பொதுக் கருத்து. மனிதன் எங்கெல்லாம் தூக்கிச் சென்றானோ அங்கெல்லாம் வளர்ந்த மரம் இது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது. பிலிப்பைன்ஸின் பலாவான் தீவில் உள்ள துயோங் குகையில், நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஓர் எலும்புக்கூட்டின் பற்களில் தாம்பூலக் கறை இருந்தது. பக்கத்திலேயே சுண்ணாம்பு வைத்திருந்த கிளிஞ்சல்களும் கிடைத்தன. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தே மெல்லப்பட வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. அது ஏன் என்று வேதியியல் சொல்வதைப் பின்னால் பார்ப்போம்.

கமுகுத் தோப்புக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், இத்தனை ஒல்லியான மரம் எப்படி இவ்வளவு உயரம் நிற்கிறது என்ற வியப்பு வரும். ஒரு சாண்கூட விட்டமில்லாத தண்டு இருபது மீட்டருக்கு மேல் போகும். உச்சியில் எட்டு முதல் பன்னிரண்டு மட்டைகள். விழுந்த ஒவ்வொரு மட்டையும் தண்டில் ஒரு வளையத்தை விட்டுச் செல்கிறது. கடினமான நார்க்கற்றைகள் தண்டின் வெளிவட்டத்தில் நெருங்கி இருப்பதால் மரம் முறியாமல் வளைகிறது. அந்த வளைவை நம்பித்தான், பாக்குப் பறிப்பவர்கள் ஒரு மரத்தின் உச்சியில் இருந்தபடியே ஆட்டிவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவுகிறார்கள்.

ஒருவித்திலைத் தாவரம் என்பதால் கமுகின் தண்டு வேம்பு, தேக்குபோல் ஆண்டுக்கு ஆண்டு பருப்பதில்லை. காயம் பட்டால் மூடிக்கொள்ளப் புதுத் திசுவும் வளராது. தென்மேற்கிலிருந்து சாயும் மாலை வெயில் இளந்தண்டைச் சுட்டால், வெந்த இடம் ஆயுளுக்கும் வெடிப்பாகவே நிற்கும். ஒருநாள் பெருங்காற்றில் மரம் அந்த இடத்திலேயே ஒடியும். கன்று நடும் வரிசையைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவதும், மேற்கு ஓரத்தில் நிழல் மரம் வைப்பதும், ஊடே வாழை நடுவதும் இதற்காகத்தான். குருத்து ஒன்றே ஒன்று. அது அழுகினால் மரம் முடிந்தது.

பூவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பாக்கின் வீரியத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வுக்கு விடை அங்கே இருக்கிறது. மட்டை உதிர்ந்த இடத்தில் பாளை வெடித்து, கிளைகிளையாகப் பூங்கொத்து விரியும். ஒவ்வொரு சிறுகிளையின் நுனிப்பக்கம் முழுக்கத் தினைபோல் ஆண் பூக்கள், பல்லாயிரக்கணக்கில். அடிப்பக்கத்தில் பெரிய, உருண்ட பெண் பூக்கள், சில நூறு மட்டும். ஆண் பூக்கள் முதலில் மலர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் மகரந்தம் உதிர்த்துக் கொட்டிவிடும். அதற்குப் பிறகே அதே கொத்தின் பெண் பூக்கள் திறக்கும். அப்போது தன் கொத்தில் மகரந்தம் மிச்சமிருக்காது. காற்றில் வரும் பக்கத்து மரத்தின் மகரந்தம்தான் சூல்கொள்ள வைக்கும். ஆக ஒவ்வொரு காயும் ஏறக்குறைய ஒரு கலப்புப் பிள்ளை. கிளையே இல்லாத மரத்தில் ஒட்டுக்கட்டவும் வழியில்லாததால், காலங்காலமாக விதையைப் போட்டே கமுகு வளர்க்கப்பட்டது. நன்கு பழுத்த பழத்தை உரிக்காமல், காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி மணலில் பதித்தால் ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முளைவிடும்.

இப்படி வந்த தோப்பில் மரத்துக்கு மரம் குணம் மாறும். காயின் அளவு, காய்ப்பின் எண்ணிக்கை மட்டுமன்றி உள்ளிருக்கும் வேதிப்பொருள்களின் அளவும் மாறும். ஒரே கடையில் வாங்கிய பாக்கில் ஒன்று சாதுவாக இருக்க, அடுத்தது நெஞ்சை அடைத்து, தலை கிறுகிறுத்து, நெற்றியில் வியர்வையைக் கொண்டுவந்துவிடும். பெரியவர்கள் உடனே வெல்லமோ தண்ணீரோ கொடுத்து உட்காரவைப்பார்கள். அந்தக் கிறுகிறுப்பின் வேரில் காற்று கொண்டுவந்த மகரந்தமும் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்துச் சீரான விளைச்சல் தரும் ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் பணி, கர்நாடகத்தின் விட்டலில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. சீனாவிலிருந்து வந்த விதையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 'மங்களா' 1972இல் வெளியானது. இவர்கள் தேடியது பெரும்பாலும் விளைச்சலைத்தான், ரசாயன அளவை அல்ல என்பதையும் மனதில் கொள்ள வேண்டும்.

காய்ப்புக்கு முதல் எதிரி மழைக்கால அழுகல் நோய். மலைநாட்டுக் கர்நாடகத்தில் கொளெரோகா, மகாளி என்றெல்லாம் சொல்வார்கள். மைசூர் அரசின் பூஞ்சை இயலாளராக இருந்த லெஸ்லி கோல்மன் 1910 வாக்கில் இதை ஆராய்ந்து, ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியே காரணம் என்று காட்டினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மழைக்கு முன் குலைகளில் தெளிப்பது அப்போதிருந்து வழக்கமானது. மயில்துத்தம் தாமிர உப்பு. இந்தத் தாமிரத்தை இன்னொரு இடத்தில் மறுபடி சந்திக்கப் போகிறோம்.

காய் பிடித்ததிலிருந்து பழுக்க எட்டு மாதம் ஆகும். எப்போது பறிக்கிறோம் என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் சரக்கு வேறாகிறது. ஒரு தொகுப்பு ஆய்வின் கணக்கு இப்படிப் போகிறது. பச்சைக்காயில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர். பழத்தில் அது நாற்பது, ஐம்பதாகக் குறைகிறது. தண்ணீரைக் கழித்த உலர் எடையில் பார்த்தால், பாலிபீனால் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் பச்சைக்காயில் 17 முதல் 30 சதவீதம் வரை. பழத்தில் 11 முதல் 18 சதவீதம். கொழுப்பு நேர்மாறாக, 8–12 சதவீதத்திலிருந்து 9–15 சதவீதமாக ஏறுகிறது. நாரும் ஏறுகிறது. அரிகோலின் என்ற ஆல்கலாய்டு பச்சைக்காயில் 0.11–0.14 சதவீதம், பழத்தில் 0.12–0.24 சதவீதம். இளங்காய்க்குத் துவர்ப்பு அதிகம் என்பதை நாக்கே சொல்லிவிடும்.

துவர்ப்புக்குக் காரணம் கேட்டச்சின், எபிகேட்டச்சின் என்ற மூலக்கூறுகளும், அவை பலவாகக் கோத்து உருவாகும் டானின்களும். டானின் புரதத்தைக் கண்டால் விடாமல் பற்றிக்கொள்ளும். எச்சிலில் உள்ள வழவழப்பான புரதங்களை அது பற்றித் திரட்டிவிடுவதால் வாய் வறண்டு இழுத்துப் பிடிக்கிறது. மாட்டுத்தோலைப் பதனிடும்போது ஆவாரம்பட்டையின் டானின் தோலின் புரதத்தைப் பிடித்துக் கெட்டியாக்குவதும் இதே வினைதான். பூச்சியும் விலங்கும் தின்னாமல் விதையைக் காக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு நம் கன்னத்தின் உட்புறத்தில் வந்து வேலை செய்கிறது.

பாக்கைப் பக்குவப்படுத்தும் முறைகள் எல்லாமே இந்தத் துவர்ப்பையும் வீரியத்தையும் அடக்கும் வழிகள். பழத்தை நாற்பது நாள்போல வெயிலில் காயவைத்து உரித்தால் கொட்டைப்பாக்கு. காயாகப் பறித்து, உரித்து, நறுக்கி, முந்தைய வேக்காட்டில் இறங்கிய கெட்டிச் சாறான களியைச் சேர்த்து வேகவைத்துக் காயவைத்தால், செம்பழுப்பு நிறமும் பளபளப்பும் ஏறிய களிப்பாக்கு. வேகும்போது அரிகோலினிலும் கணிசமான பகுதி தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அசாமில் பாக்கை மண்ணில் புதைத்துப் புளிக்கவைக்கிறார்கள். தைவானில் பிஞ்சாகவே மெல்கிறார்கள். ஒரே விதை என்றாலும் பக்குவத்தைப் பொறுத்து வாய்க்குப் போகும் மருந்தளவு வெகுவாக வேறுபடுகிறது. காயவைக்கும்போது ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சும் சேரும்.

பாக்கின் உயிர்நாடியான ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மன் வேதியியலாளர் எர்ன்ஸ்ட் யான்ஸ், ஆண்டு 1888. முக்கியமானவை நான்கு: அரிகோலின், அரிகைடின், குவாகோலின், குவாசின். நான்கிலும் நைட்ரஜன் பொதிந்த ஓர் ஆறணு வளையம் இருக்கிறது. நிகோடினிக் அமிலத்துக்கு, அதாவது நியாசின் வைட்டமினுக்கு, நெருங்கிய உறவு. இவற்றில் வீரியம் மிகுந்தது அரிகோலின். தனியே பிரித்தால் நிறமற்ற எண்ணெய்போன்ற திரவம்.

இப்போது சுண்ணாம்புக்கு வருவோம். பாக்குக்குள் அரிகோலின் அமிலங்களோடு சேர்ந்து உப்பாக இருக்கிறது. மின்னேற்றம் உள்ள உப்பு வாயின் சவ்வை எளிதில் கடக்காது. சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, வலுவான காரம். அது சேர்ந்ததும் அரிகோலின் மின்னேற்றத்தை இழந்து, கொழுப்பில் கரையும் வடிவத்துக்கு மாறி, கன்னத்தின் உட்தோல் வழியே நேராக ரத்தத்தில் கலக்கிறது. குகையில் கிடந்த கிளிஞ்சல் சுண்ணாம்பின் பயன் அதுதான். அத்தோடு சுண்ணாம்பு அரிகோலினின் ஒரு பகுதியை உடைத்து அரிகைடினாகவும், குவாகோலினைக் குவாசினாகவும் மாற்றுகிறது. வாயைச் சிவக்கவைப்பதும் அதே சுண்ணாம்பு. காரச் சூழலில் பாக்கின் கேட்டச்சின்களும் டானின்களும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து செந்நிறச் சேர்மங்களாகத் திரள்கின்றன. மணமேடையில் மெச்சப்படும் அந்தச் சிவப்பு உருவாகும்போதே, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, செல்களின் மரபுப்பொருளைத் தாக்கக்கூடிய ஆக்சிஜன் வடிவங்களும் வாய்க்குள் பிறக்கின்றன.

அரிகோலின் ரத்தத்தில் கலந்ததும் என்ன செய்கிறது? நம் நரம்புகள் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருளின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எச்சில் ஊறுகிறது, வியர்க்கிறது, குடல் அசைவு கூடுகிறது, உடம்பில் சூடு பரவுகிறது, மூளை கொஞ்சம் விழித்துக்கொள்கிறது. மூச்சுக்குழாய் சுருங்குவதால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு அதிகமாகும். அதோடு, நிகோடின் சென்று சேரும் மூளை ஏற்பிகளையும் அரிகோலின் ஓரளவு தூண்டுகிறது என்று ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வு 2015இல் காட்டியது. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கை மட்டும் மெல்கிறவர்களும் அதை ஏன் விட முடியாமல் தவிக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல விளக்கம்.

இந்த மூலக்கூறுகளிலிருந்து மருந்தும் பிறந்திருக்கிறது. நாய்களின் குடலில் உள்ள நாடாப்புழுவை வெளியேற்ற அரிகோலின் நெடுங்காலம் பயன்பட்டது. நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் ஆட்டுப்பண்ணைகளை வாட்டிய நீர்க்கட்டிப் புழுநோயைக் கட்டுப்படுத்த, நாய்களுக்கு அரிகோலின் கொடுத்துப் பேதியாக்கிச் சோதிப்பது வழக்கமாக இருந்தது. குவாசினும் அரிகைடினும் காபா என்ற அமைதிப்படுத்தும் தூதுப்பொருளை நரம்புசெல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. 1970களில் டென்மார்க்கின் போவ்ல் க்ரோக்ஸ்கார்ட்-லார்சன், ஆஸ்திரேலியாவின் கிரஹாம் ஜான்ஸ்டன் ஆகியோர் அந்த வழியில் செய்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, டியாகபின் என்ற வலிப்பு மருந்து வந்தது. அரிகோலினின் வளையத்தை வைத்து உருவாக்கிய சனோமெலின், எச்சிலும் வாந்தியும் வியர்வையுமாகப் பக்கவிளைவு தந்ததால் பல ஆண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது. மூளைக்குள் நுழையாமல் உடம்பில் மட்டும் அந்த விளைவுகளை அடக்கும் இன்னொரு மருந்தைத் துணைக்குச் சேர்த்ததும் வழி பிறந்தது. 2024 செப்டம்பரில் மனச்சிதைவு நோய்க்கான மருந்தாக அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. இவை எல்லாம் அளந்து, வடிவம் மாற்றி, சோதித்துக் கொடுக்கும் மருந்துகள். இவற்றைக் காட்டிப் பாக்கு மெல்வதற்கு நற்சான்று தேடுவது தவறு.

ஏனென்றால் அதே விதை செய்யும் கேடு தெளிவாக நிறுவப்பட்டுவிட்டது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாய் மெல்ல மெல்ல இறுகித் திறக்க முடியாமல் போனதைப் பதிவு செய்தார். மறு ஆண்டு பம்பாயிலிருந்து ஜோஷி இதே நோயை விவரித்தார். வாயின் உட்தோலுக்குக் கீழே நார் மண்டும் இந்த நோய்க்குப் பாக்குதான் காரணம் என்பது பின்னர் உறுதியானது. பாக்கின் பொருள்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்து இதைச் செய்கின்றன. அரிகோலின், கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அதிகமாக உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. டானின், பழைய கொலாஜனைக் கரைக்கும் நொதியை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. தாமிரம், கொலாஜன் இழைகளைக் குறுக்கே பின்னும் லைசில் ஆக்சிடேஸ் நொதியை முடுக்கிவிடுகிறது. பாக்கில் தாமிரம் வழக்கத்துக்கு மேல் இருப்பதை 1997இல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். உற்பத்தி கூடி, கழிவு நின்று, பின்னலும் இறுகினால் கன்னம் மரத்துத் தோல்போல் ஆகாமல் வேறென்ன ஆகும்?

அடுத்த படி புற்றுநோய். பாக்கின் ஆல்கலாய்டுகள் வாயிலேயே நைட்ரைட்டோடு சேர்ந்து நைட்ரோசமின்களாக மாறுகின்றன. அவற்றில் சில எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. பப்புவா நியூ கினியில் சுண்ணாம்பைத் தனியாக, கன்னத்தின் ஒரே இடத்தில் தடவி மெல்லும் வழக்கம் உண்டு. அங்கே புற்று பெரும்பாலும் அந்த இடத்திலேயே தோன்றுவதை மருத்துவர்கள் கண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்த்த தாம்பூலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் வைத்தது. 2004இல் புகையிலை சேராத தாம்பூலத்தையும், பாக்கைத் தனியாகவும் அதே பிரிவில் சேர்த்தது. 2022இல் உலகில் வந்த வாய்ப்புற்றுகளில் ஏறக்குறைய 1,20,000 புகையற்ற புகையிலையாலும் பாக்காலும் வந்தவை என்றும், அதில் 83,000க்கு மேல் இந்தியாவில் என்றும் அந்த முகமை கணக்கிட்டது.

நம் வீடுகளில் "புகையிலைதான் கெடுதல், பாக்கு ஒன்றும் செய்யாது, சீரணத்துக்கு நல்லது" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் கையில் வாசனைப்பாக்குப் பொட்டலம் போய்ச் சேர்வதும் அந்த நம்பிக்கையால்தான். நிச்சயதார்த்தத் தட்டில் பாக்கு இருக்கட்டும். மங்கலப் பொருளாக வைப்பதில் ஒரு தீங்கும் இல்லை. தீங்கு மெல்வதில் இருக்கிறது. வெற்றிலையோடு எப்போதாவது போடுவதைவிட, வெற்றிலையே இல்லாமல் உலர்ந்த தூளை நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது வாயை இன்னும் சீக்கிரம் இறுக்குகிறது.

பாக்கு போடும் பழக்கம் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால், ஒரு சோதனையை இன்றே செய்து பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி அடுக்கி, மேல்பல் வரிசைக்கும் கீழ்ப்பல் வரிசைக்கும் இடையே நெட்டாக வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையாவிட்டாலோ, சாதாரணக் காரமே வாயை எரித்தாலோ, கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார் நாராகத் தட்டுப்பட்டாலோ, பாக்கை அன்றே நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் போங்கள். இறுகிய திசு முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பாது. மேலும் இறுகாமல் காக்கவும், புற்றாக மாறுகிறதா என்று கண்காணிக்கவும் முடியும். மருத்துவர் கேட்கும்போது, புகையிலை போடுவதில்லை என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், எத்தனை ஆண்டுகளாகப் பாக்கு மெல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.